சுரங்க நீர் கலக்கும் மலை ஓடையில் பாசி செழித்திருந்தால் ஓடை நன்றாக இருக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் கைவிடப்பட்ட ஒரு பழைய சுரங்கத்திலிருந்து நீர் கசிந்து ஓடையில் சேர்கிறது. சேரும் இடத்துக்கு மேலே பாறைகள் வெறும் பழுப்பாக இருக்கின்றன, கீழே கொஞ்ச தூரத்துக்குப் பச்சைப் பசேலென்று நூல் நூலாகப் பாசி ஆடுகிறது. சுரங்கக் கழிவு பாசியைக் கொல்லும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், இங்கே நேர்மாறாக இருக்கிறதே, அப்படியானால் இந்த ஓடை தப்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தப் பச்சையே ஓடை அடிபட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். மேலே பழுப்பாகத் தெரிகிற பாறைதான் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும் பாறை. அதில் ஒரு கல்லை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய வழவழப்பு இருக்கும். கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரியும் அந்தப் படலம் டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளால் ஆனது. மணலில் இருக்கும் அதே சிலிக்காவால் தங்களைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொண்டு வாழ்பவை. பச்சையத்தோடு பொன்பழுப்பு நிறமியும் அவற்றில் உண்டு, அதனால்தான் பழுப்பு. குளிர்ந்த, தெளிந்த, வேகமாக ஓடும் மலை நீரில் இயல்பாக இருக்க வேண்டியது இந்தப் படலம்தான். அது மெலிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அது வளர வளரப் பூச்சிகளின் இளம்புழுக்கள் அதை மேய்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் திரும்பி வரப் போகிறேன்.

பாசியைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை என்றால், மலை ஓடையில், அதுவும் மர எல்லைக்கு மேலே உள்ள ஓடையில், உணவு தொடங்குவதே அங்கேதான். காட்டுக்குள் ஓடும் ஓடைக்கு இலை தழை விழுந்துகொண்டே இருக்கும், அதைத் தின்று பிழைக்கும் பூச்சிகள் இருக்கும். மரமே இல்லாத உயரத்தில் அந்த வரவு மிகக் குறைவு. பாறையில் ஒட்டியிருக்கும் பாசி, அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன், அவ்வளவு குட்டையான சங்கிலி. முதல் கண்ணி ஆட்டம் கண்டால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது.

சரி, சுரங்கத்திலிருந்து என்னதான் வருகிறது? தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம், ஈயம், நிலக்கரி என எதைத் தோண்டினாலும் கூடவே பல இடங்களில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் வெளியே வருகிறது. பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது சும்மா இருக்கும். உடைத்துப் பொடியாக்கிக் குவியலாகக் கொட்டினாலோ, காற்று புகும்படி சுரங்கப்பாதை வெட்டினாலோ, காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் பட்டுக் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதுவே பைரைட்டைத் திரும்ப அரிக்கத் தொடங்குகிறது, ஆக்சிஜனைவிட வேகமாக. அமில நீரில் இந்த இரும்பு மாற்றம் தானாக நடந்தால் மிக மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் இதையே பிழைப்பாகக் கொண்ட பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை அந்த வேகத்தைச் சுமார் பத்து லட்சம் மடங்கு கூட்டிவிடுகின்றன. அதனால்தான் சுரங்கத்தை மூடி நூறு ஆண்டு ஆன பிறகும் வாயிலிருந்து அமில நீர் வந்துகொண்டே இருக்கிறது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள்கூடப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், நீர் மட்டும் நிற்காது.

அந்த அமிலம் போகிற வழியில் மற்ற பாறைகளையும் கரைத்துத் துத்தநாகம், செம்பு, காட்மியம், அலுமினியம், மாங்கனீசு எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறது. மலை ஓடைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். கிரானைட் போன்ற கடினப் பாறை மேல் ஓடும் பனி நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் குறைவு, உலோக நஞ்சின் கடுமையைக் குறைக்கும் கால்சியமும் குறைவு. உயிரணுவின் மேற்பரப்பில் உலோகம் ஒட்டும் இடத்துக்குக் கால்சியமும் போட்டி போடுகிறது, போட்டி இல்லையென்றால் உலோகம் எளிதாக உள்ளே போய்விடும். அமெரிக்காவில் நீர்வாழ் உயிர்களுக்கான துத்தநாக வரம்பையே நீரின் கடினத்தன்மையை, அதாவது அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவைப் பொறுத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் சுமார் 120 மைக்ரோகிராம் துத்தநாகம், 50 மில்லிகிராமாகக் குறைந்தால் வரம்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும். சமவெளி ஆறு தாங்கிக்கொள்ளும் அளவை மலை ஓடை தாங்காது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

இனி பாசிக்கு வருவோம். அடி மூன்று விதமாக விழுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "மாசு" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் உங்களுக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வருகிறது.

முதலாவது அமிலம். அதை அளக்கும் எண் பிஎச், 7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும். பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கும் ஓடையில் பல பத்து வகைப் பாசிகள் இருக்கும். பிஎச் 5-க்கு இறங்கும்போதே பட்டியல் சுருங்கும், 4-க்குக் கீழே போனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியா அந்த அமிலத்தில் அநேகமாக இருக்கவே இருக்காது. ஒளிச்சேர்க்கைக்கான கார்பனும் ஒரு பிரச்சினை, ஏனென்றால் அமில நீரில் பைகார்பனேட் இருக்காது, கரைந்த கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான், அதை வைத்தே காலம் தள்ளத் தெரிந்தவைதான் மிஞ்சும். ஆனால் மிஞ்சுகிறவை சாதாரணமானவை அல்ல. யூனோஷியா எக்சிகுவா என்ற சின்ன டயட்டம், யுலோத்ரிக்ஸ், மைக்ரோஸ்போரா, மவுஜியோஷியா, கிளெப்சார்மிடியம் போன்ற பச்சை நூல் பாசிகள், அப்புறம் யூக்ளினா மியூட்டபிலிஸ். இந்தக் கடைசிப் பாசி சேற்றின் மேல் பச்சை வெல்வெட் விரித்தது போலப் படரும். இதன் உறவுக்கார யூக்ளினாக்கள் சாட்டை போன்ற இழையால் நீந்தும், இதற்கு வெளியே நீட்டும் சாட்டை இல்லை, உடலை நெளித்து நெளித்தே வெளிச்சத்தைத் தேடி நகரும். உலகின் எந்த மூலையில் அமிலச் சுரங்க நீரைப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப இதே கூட்டம்தான் வருகிறது.

இரண்டாவது, கரைந்த உலோகம். செம்பு பாசிக்கு மிகச் சிறிய அளவில் தேவைதான், ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலே ஒளிச்சேர்க்கையைக் குலைத்துவிடும், பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தின் இடத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும். குளத்தில் பாசி ஒழிக்கச் செம்புச் சல்பேட் போடுவது இதனால்தான். துத்தநாகம் அவ்வளவு கொடியதல்ல, ஆனால் அது எளிதில் படியாது. இரும்பும் அலுமினியமும் வழியிலேயே படிந்துவிட, துத்தநாகம் கரைந்தபடியே பல கிலோமீட்டர் கீழே போகும். அதனால் நீர் கண்ணாடி மாதிரி தெளிந்து, பிஎச் இயல்புக்குத் திரும்பிவிட்ட இடத்திலும் பாசிக் கூட்டம் மட்டும் மாறியே இருக்கும். அங்கே வழக்கமாக ஆட்சி செய்வது அக்னாந்திடியம் மினுட்டிசிமம் என்ற மிகச் சிறிய டயட்டம். பாறையோடு ஒட்டிக் கிடக்கும், காலி இடம் கிடைத்தால் முதலில் வந்து குடியேறும், மற்றவை விட்டுப்போன இடத்தையெல்லாம் நிரப்பிக்கொள்ளும். உலோகம் ஏறஏறப் பெரிய டயட்டம்கள் போய்ச் சின்னவை நிற்பது பல ஆறுகளில் பார்க்கப்பட்ட ஒன்று.

உலோகத்தின் தடயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, நுண்ணோக்கி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து சுரண்டியதை ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்க வைத்தால் உயிருள்ள பகுதியெல்லாம் கரைந்து கண்ணாடி ஓடு மட்டும் நிற்கும். அதைக் கழுவி, ஒரு சொட்டு உலர்த்தி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். நல்ல ஓடையிலிருந்து எடுத்த ஃப்ராஜிலேரியா என்ற டயட்டத்தின் ஓடு அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக, இரு பக்கமும் ஒரே சீராக, வரிவரியாக இருக்கும். சுரங்க நீர் கலந்த ஓடையிலிருந்து வந்ததில் அப்படியே இடுப்பில் ஒடிந்தது போன்ற ஓடுகள் வரும், ஒரு பக்கம் உள்ளே குழிந்திருக்கும், வரிகள் பாதியில் குழம்பிப் போயிருக்கும். முதன்முறை அதைப் பார்த்தபோது தயாரித்ததில் ஏதோ தவறு என்று நினைத்து இன்னொரு கண்ணாடித் தகடு தயாரித்தேன், அதிலும் அதேதான். செல் பிரியும்போது ஓட்டை வார்க்கும் வேலையில் உலோகம் குறுக்கிட்டுவிட்டது. இயல்பான ஓடைகளில் இப்படிக் கோணிய ஓடு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் நானூறு ஐநூறு ஓடுகளை எண்ணி அதில் எத்தனை கோணல் என்று பார்ப்பதே ஒரு சோதனையாகப் பயன்படுகிறது. ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சிலிக்கா பற்றாக்குறை போன்ற வேறு காரணங்களாலும் ஓடு கோணும்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம், அதிகம் பேசப்படாததும் அதுதான்: படிவு. அமில நீரில் கரைந்திருக்கும் இரும்பு, நல்ல நீரோடு கலந்து அமிலம் தணிந்ததும் கரைசலில் நிற்க முடியாமல் ஆரஞ்சு நிற ஹைட்ராக்சைடாகப் படிகிறது. பிஎச் 5-ஐ ஒட்டி அலுமினியமும் பால் போல வெள்ளையாகப் படிகிறது. யோசித்துப் பாருங்கள், வேதியியல் கணக்கில் நீர் நல்லதாக மாறுகிற அதே இடத்தில் பாறைக்குக் கேடு தொடங்குகிறது. நீரை மட்டும் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதிப்பவர் "பிஎச் 6 வந்துவிட்டது, பரவாயில்லை" என்று அறிக்கை எழுதுவார். அங்கே ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். மேலே ஒரு பூச்சு, விரல் பட்டால் உடனே கலைந்து நீரில் புகை மாதிரி கரையும், வழவழப்பு இருக்காது, நனைந்த மாவு மாதிரி இருக்கும். அதற்கடியில் பாறை வெறுமை. பாசி ஒட்டிக்கொள்ள உறுதியான தளமே அங்கே இல்லை. ஒட்டிக்கொண்டாலும் இன்றைக்கு முளைத்ததன் மேல் நாளைக்கு ஒரு அடுக்கு படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும், நீரோட்டம் கொஞ்சம் வேகமெடுத்தால் பூச்சோடு சேர்ந்து பாசியும் உரிந்து போய்விடும்.

இன்னொரு கேடும் உண்டு. இரும்பு ஹைட்ராக்சைடு பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். மலை நீரில் பாஸ்பரஸ் ஏற்கெனவே சொற்பம், அதையும் துரு இழுத்து வைத்துக்கொண்டால் பாசிக்குக் கிடைப்பது என்ன? இதில் வெயிலும் விளையாடுகிறது. பகல் வெளிச்சம் படிந்த இரும்பில் ஒரு பகுதியை மறுபடி கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது, இரவில் அந்த மாற்றம் நின்றுவிடுகிறது, ஆகவே ஒரே ஓடையில் நண்பகலில் எடுத்த இரும்பு அளவும் நள்ளிரவில் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்ற பழைய சுரங்க ஊருக்குப் பக்கத்தில் செயின்ட் கெவின் கல்ச் என்று ஒரு சிற்றோடை இருக்கிறது. இந்தப் பகல் இரவு ஆட்டத்தை 1980-களில் அங்கேதான் அளந்து காட்டினார்கள்.

அந்த மலைத்தொடரிலேயே இன்னொரு இடம் இதைத் தெளிவாக்கியது. ஸ்னேக் ஆறு என்ற ஓடையின் மேல்பகுதி அமிலமும் உலோகமும் நிறைந்தது, இத்தனைக்கும் அதன் காரணம் பெரும்பாலும் மலையில் இயற்கையாகவே பரவிக் கிடக்கும் பைரைட். அதில் டீர் கிரீக் என்ற சுத்தமான ஓடை வந்து சேர்கிறது. டயான் மெக்நைட்டும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அமிலமும் உலோகமும் உச்சத்தில் இருந்த மேல்பகுதியில் பாசி மிகக் குறைவுதான், ஆனால் லிவர்வர்ட் என்ற சிறு தாவரம் ஏராளமாக இருந்தது, பூச்சிகளும் டீர் கிரீக்கில் இருந்த அளவுக்கே இருந்தன, இரு நீரும் கலந்து உலோகப் படிவு பாறைகளை மூடிய கீழ்ப்பகுதியில்தான் பாசியும் பூச்சியும் வெகுவாகக் குறைந்து கிடந்தன. கரைந்த நஞ்சைவிடப் படிந்த துரு மோசமாக இருக்கக்கூடும் என்று அப்போதே சொன்னார்கள். ஓடையைச் சுத்தம் செய்கிறோம் என்று நேராக ஓடைக்குள்ளேயே சுண்ணாம்பைக் கொட்டும் திட்டங்களைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். அமிலத்தைத் தணிப்பது பாதி வேலை, படிவு விழுவதற்கு ஓடைக்கு வெளியே ஒரு குட்டை வெட்டி, அங்கே படிய வைத்துவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் விட வேண்டும். இல்லையென்றால் பிஎச் நன்றாக இருக்கும், பாறை செத்திருக்கும்.

இப்போது உங்கள் பச்சைக்கு வருகிறேன். மேயும் பூச்சிகளைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? மலை ஓடையில் பாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பவை அவை. மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்புழுக்கள் பாறையைத் தட்டையாகக் கட்டிக்கொண்டு மேயும், உலோகத்துக்கு அவை மிகவும் மென்மையானவை, அதிலும் சில குடும்பங்கள் துத்தநாகமும் செம்பும் கொஞ்சம் ஏறியதுமே காணாமல் போய்விடும். பாசியில் தாங்கும் வகைகள் சில உண்டு என்று பார்த்தோம். ஆக நிலைமை என்ன? தாங்காத பாசிகள் செத்தன, மேய்கிறவையும் செத்தன, தாங்கும் ஒன்றிரண்டு பாசிக்குப் போட்டியும் இல்லை, தின்ன ஆளும் இல்லை, வெளிச்சம் மட்டும் ஏராளம். ஆடு மாடு போகாத நிலத்தில் ஒரே களை ஆளுயரம் வளர்வது போல அது வளர்ந்து நிற்கிறது. செயின்ட் கெவின் கல்ச்சில் பிஎச் 4-க்கும் கீழே இருக்கும் பகுதியிலும் யுலோத்ரிக்ஸ் பச்சை நூலாகப் படர்ந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்ததும் பெரும்பாலும் இந்த வகைதான்.

கொலராடோவின் பல மலை ஓடைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்வதும் இதுதான்: அழுத்தம் ஏறும்போது முதலில் இறங்குவது வகைகளின் எண்ணிக்கை, அது அமிலத்தோடும் துத்தநாகத்தோடும் சேர்ந்து இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் பாசியின் மொத்த அளவு அப்படி இறங்குவதில்லை, நடுத்தர அழுத்தத்தில் நன்றாகவே இருக்கும், சில இடங்களில் கூடும், உலோகப் படிவு கனமாக விழும் இடத்தில்தான் சரியும். ஒளிச்சேர்க்கை வேகமும் பாசியின் அளவோடுதான் போகிறது. அதனால் ஒருவர் பாசியின் அளவை மட்டும் அளந்தால் "பாதிப்பு இல்லை" என்பார், இன்னொருவர் வகைகளை மட்டும் எண்ணினால் "நாசம்" என்பார், இரண்டு பேரும் அளந்தது சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பச்சையைத் தின்ன ஏதாவது ஒரு பூச்சி திரும்பி வந்தால் அதற்கு நல்ல சாப்பாடு கிடைக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான். பாசிப் படலத்தின் பசை உலோகத்தைப் பிடித்து வைக்கும், செல்லுக்குள்ளும் பாஸ்பேட் துகள்களோடு சேர்த்தோ புரதத்தோடு கட்டியோ பத்திரப்படுத்திவிடும், தான் பிழைக்க அது கண்ட வழி அது. பிழைத்த பாசி உலோகப் பொட்டலமாக மாறுகிறது, பூச்சிக்கு நஞ்சு நீர் வழியாக மட்டுமல்ல, வாய் வழியாகவும் போகிறது. செலினியத்தில் இது இன்னும் கடுமை. நிலக்கரிக்காக உடைத்த பாறைக் குவியல்களிலிருந்து செலினியம் கரைந்து வரும், நீரில் அது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் இருக்கலாம், ஆனால் உணவுச் சங்கிலியிலேயே மிகப் பெரிய எகிறல் நீரிலிருந்து பாசிக்குப் போகும் முதல் படியில்தான் நடக்கிறது, நூற்றுக்கணக்கான மடங்கு, சில இடங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு. அதற்கு மேல் பூச்சி, மீன், மீன் முட்டை. பாசி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், மீன் குஞ்சுதான் முதுகு வளைந்து பிறக்கும். கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் இப்படி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து செலினியம் ஆற்றில் கலந்ததற்காக 2021-இல் டெக் நிறுவனத்துக்கு 6 கோடி கனடிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

எல்லாச் சுரங்கமும் அமிலம் விடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உச்சியையே வெடித்து எடுத்து நிலக்கரி அள்ளி, மிஞ்சிய பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அங்கே சுண்ணாம்பு கலந்த பாறையும் இருப்பதால் பல ஓடைகளில் நீர் காரமாகவே இருக்கிறது, ஆனால் சல்பேட்டும் பைகார்பனேட்டும் உப்பாக ஏறி மின்கடத்துதிறன் எகிறுகிறது. அந்தப் பகுதிக்கு 2011-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்த வரையளவு செ.மீ.க்கு 300 மைக்ரோசீமென்ஸ். அங்கே நன்னீர் டயட்டம்களுக்குப் பதிலாக உப்பு தாங்கும் டயட்டம்கள் வருகின்றன. பாறை வெடிக்கப் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட்டில் மிஞ்சுவது மழையில் கரைந்து ஓடைக்கு உரமாகவும் போகிறது, பச்சைக்கு அது இன்னொரு காரணம், உங்கள் சுரங்கம் இப்போது இயங்குவதாக இருந்தால் இதையும் பார்க்க வேண்டும். வண்டல் தனிக் கதை, நுண்பொடி படிந்த இடத்தில் நகரத் தெரிந்த நாவிகுலா, நிட்சியா போன்ற டயட்டம்கள்தான் மேலே ஏறி வந்து பிழைக்கும், மற்றவை புதைந்துவிடும்.

காலமும் முக்கியம். கோடை முடிவில் நீர் குறையும்போது சுரங்கக் கசிவின் பங்கு கூடி உலோகம் செறியும், அது ஒரு உச்சம். இன்னொரு உச்சம் பனி உருகத் தொடங்கும் முதல் நாட்களில். வறண்ட காலம் முழுக்கக் குவியல்களின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்த உலோக உப்பை முதல் நீர் கழுவிக்கொண்டு வரும், குளிர் முடிந்து பாசி தலை தூக்கும் நேரத்தில் அந்த அடி விழுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கோடையில் மட்டும் போய் நீர் எடுத்தால் இது கண்ணில் படாது. மேலே சொன்ன ஸ்னேக் ஆற்றில் 30 ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தபோது கோடையில் துத்தநாகம் ஏறக்குறைய நான்கு மடங்கு கூடியிருந்தது. அதற்குப் புதுச் சுரங்கம் காரணமில்லை, மலை சூடாகிறது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. இதை 2012-இல் வெளியிட்டார்கள். இந்தச் செய்தி எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுத்தது, ஏனென்றால் எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால் நிலைமை அப்படியே இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

செய்திகளில் வருவது பெரும்பாலும் பெரிய உடைப்புகள்தான். 2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து 30 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கும் மேல், பீறிட்டு அனிமாஸ் ஆற்றை மஞ்சளாக்கிய படத்தை உலகமே பார்த்தது. அந்த நீர் முதலில் இறங்கிய சிமென்ட் கிரீக் ஓடை அதற்குப் பல காலம் முன்பிருந்தே மீன் வாழ முடியாத ஓடை, அதை யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு நாள் வெள்ளத்தைவிட நாள் தவறாமல் சொட்டும் கசிவுதான் பாசிக் கூட்டத்தை மாற்றி எழுதுகிறது.

இயற்கையே அமிலமாக வைத்திருக்கும் ஓடைகள் உண்டே, அங்கே பாசி வாழவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு சுமார் 100 கிலோமீட்டர், நிறம் சிவப்பு, பிஎச் 2.3-ஐ ஒட்டி, அங்கேயும் யூக்ளினா, கிளாமிடோமோனஸ், பின்னுலேரியா டயட்டம் எல்லாம் வாழ்கின்றன, எதிர்பார்த்ததைவிட அதிக வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் அவை தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே பழகியவை. நேற்றுவரை நல்ல நீராக இருந்த ஓடையில் அமிலம் கலந்துவிட்டு அதைச் சுட்டிக்காட்டி ஆறுதல் சொல்வது நியாயம் இல்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உங்கள் ஓடையை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை, சுரங்கத்துக்கு மேலேயே பாறை கனிமம் நிறைந்ததாக இருந்தால் மேல்பகுதியும் தூய ஓடையாக இருக்காது. அப்போது பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே வகைப் பாறை மேல் ஓடும், சுரங்கம் இல்லாத ஓடையைத் தேட வேண்டும்.

நீங்களே பார்க்க விரும்பினால் பெரிய கருவி தேவையில்லை. மூன்று இடம் போதும்: கசிவுக்கு மேலே, பச்சை இருக்கும் இடம், அதற்கும் கீழே பூச்சு படிந்த இடம். ஒவ்வொன்றிலும் கையளவு கல் ஐந்தாறு, ஒரே ஆழம், ஒரே வேகம், நிழலில்லாத இடமாகப் பார்த்து எடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு அதற்குள் உள்ளதை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கொஞ்சம் நீரில் கழுவி எடுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் பச்சையத்தின் அளவைக் கேளுங்கள், எரித்து எடை பார்க்கும் முறையை நம்ப வேண்டாம், ஏனென்றால் இரும்பு ஹைட்ராக்சைடு சூடாகும்போது தனக்குள் கட்டிவைத்த நீரை விடும், அந்த எடை இழப்பும் உயிர்ப்பொருள் கணக்கில் சேர்ந்துவிடும். டயட்டம் ஓடு எண்ணச் சொன்னால் உயிரோடு இருந்தது எவ்வளவு, வெறும் ஓடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள், மேலிருந்து அடித்து வந்த காலி ஓடுகள் படிவில் சிக்கிக்கொண்டு செத்த இடத்தைக்கூட வளமான இடமாகக் காட்டிவிடும்.

ஆய்வகம் எதுவும் இல்லையென்றாலும் கல்லைப் புரட்டுங்கள். அடியில் தட்டையான புழுக்கள் ஓடி ஒளிகின்றனவா? மேல்பகுதிக் கல்லில் ஐந்தாறு இருந்து, பச்சைக் கல்லில் ஒன்றுமே இல்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. கசிவு நீரைக் குட்டையில் தேக்கிச் சரியாகச் சுத்திகரிக்கத் தொடங்கினால் பாசி சில வாரங்களிலேயே மாறத் தொடங்கும், அது வேகமாகத் திரும்பக் கூடியது, பூச்சிகள் வரத்தான் ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அப்படி அவை வரும்போது அந்தப் பச்சை நூல்கள் குறையும், பாறை மறுபடி பழுப்பாக, வழுக்கலாக மாறும். பார்க்கிறவர்கள் பாசி செத்துப் போகிறதே என்று பதறுவார்கள், நீங்கள் ஒரு கல்லைப் புரட்டி அவர்களிடம் காட்டுங்கள்.